எஸ்பிஎம் ரிசல்ட்டுக்கு காத்திருந்தா ரொம்ப லேட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்பிஎம், அதாவது ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதற பரிட்சை, அதோட ரிசல்ட் வர்ற வாரம் உங்க பேப்பர பிரிச்சா பாதி பக்கம் காலேஜ் விளம்பரம், மீதியில "அடுத்து என்ன படிக்கலாம்"னு கட்டுரை, அந்த சனி ஞாயிறுல எங்க பாத்தாலும் ஏதாவது ஒரு மண்டபத்துல கல்வி கருத்தரங்கு. குறை சொல்ல எழுதலங்க, அந்த பக்கத்தையெல்லாம் வெட்டி ஃபைல்ல போட்டு வச்சிருக்கற ஆளு நான். பள்ளிக்கூட கவுன்சலர் ஆகறதுக்கு பினாங்குல படிச்சிக்கிட்டு இருக்கேன், இந்த செமஸ்டர் கரியர் டெவலப்மெண்ட்னு ஒரு பாடம், அதாவது ஒரு மனுஷன் எப்படி ஒரு வேலைக்கு வந்து சேர்றான், சின்ன வயசுலேருந்து அவன் மனசுல அது எப்படி உருவாகுதுங்கற கதை. படிக்க படிக்க ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ரிசல்ட் வந்தப்புறம் நாம எல்லாரும் சேந்து இவ்ளோ சத்தம் போடறோமே, அந்த பிள்ள அதுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடியே முக்கால்வாசி வேலைய "இது நமக்கு ஆகாது"ன்னு ஓரங்கட்டிட்டு வந்து நிக்குது, அத யாரும் கவனிக்கலயேன்னு.

இது நானா சொல்றது கிடையாது. லிண்டா காட்ஃபிரெட்சன்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வாளர், 1981ல எழுதுனாங்க. பிள்ளைங்க வேண்டாத வேலைய ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வர்றாங்க, கழிச்சது போக மிச்சம் இருக்கறதத்தான் நாம ஆசைன்னு சொல்றோம்ங்கறது அவங்க வாதம். 3லேருந்து 5 வயசுக்குள்ள பெரியவங்கன்னா வேலைக்கு போவாங்கன்னு புரியுது. 6லேருந்து 8க்குள்ள இது ஆம்பள வேலை இது பொம்பள வேலைன்னு முதல் வெட்டு. 9லேருந்து 13க்குள்ள எது கவுரவம் எது கேவலம், எது நம்மால முடியும் எது எட்டாதுன்னு அடுத்த வெட்டு, எட்டாதத வெட்ட மேல ஒரு கோடு, கேவலமானத வெட்ட கீழ ஒரு கோடு போட்டு நடுவுல உள்ளத மட்டும் வச்சிக்குது. 14க்கு அப்புறம்தான் எனக்கு எது புடிக்கும்ங்கற கேள்வியே வருது, அதுவும் அந்த மிச்சத்துக்குள்ளதான் தேடும், வெட்டி போட்டத திரும்ப எடுத்து பாக்காது, யாராவது உக்காந்து எடுத்து காட்டுனாதான் உண்டு.

இப்ப இந்த வயசுக்கணக்க நம்ம பள்ளிக்கூடத்து மேல வச்சு பாருங்க. தமிழ்ப்பள்ளி 7 வயசுலேருந்து 12 வரைக்கும். ரெண்டு வெட்டும் விழறது அங்கதான். ஆறாம் ஆண்டு முடிச்சு மலாய் மொழி போதலன்னா ரிமூவ் கிளாஸ், கூட படிச்சவன் ஃபார்ம் ஒன் சட்டையில போறப்ப இவன் 13 வயசுல ஒரு வருஷம் அங்க உக்காந்திருக்கான், சரியா அந்த மேல் கோடு போடற வயசுல. மொழிக்காக வச்ச வகுப்பு அது, மூளைக்கு மார்க் போடற வகுப்பு கிடையாது, ஆனா அந்த பிள்ளைக்கு அத யாரு சொல்றா? சொந்தக்காரங்க கல்யாணத்துல "என்னடா ரிமூவா"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், கோடு இன்னும் ரெண்டு அங்குலம் கீழ இறங்கிடும்.

கீழ் கோடு இருக்கே, அத வீட்டுலயே நாமதான் போடறோம். "படிக்காட்டி லோரி ஓட்டத்தான் போற." எத்தன வீட்டுல இந்த வசனம்! சொல்ற மாமாவே லோரி ஓட்டுறவரா இருப்பாரு, இல்ல பக்கத்துல சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கற அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரா இருப்பாரு. பிள்ள ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல கத்துக்குது, அப்பா வேலை கேவலம், கையில செய்யற வேலை எல்லாமே தோத்தவனுக்கு உள்ளது. வெல்டிங், வயரிங், ஏர்கோன், மெஷின் ரிப்பேர் எல்லாம் அந்த ஒரே வாக்கியத்துல போயிடுது. அப்புறம் அதே பிள்ளைக்கு 17 வயசாகி ரிசல்ட் சுமாரா வந்ததும் நாம ஓடிப்போய் "டிவெட், அதாவது கைத்தொழில் படிப்பு எடு, நல்ல சம்பளம், நாட்டுக்கே தேவை"ன்னு சொல்றோம். அதுக்கு அது எப்படி காதுல விழும்? தண்டனை மாதிரிதான் விழும். டிவெட் பத்தி நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு மேடையில எல்லாரும் பேசறாங்க, என்ன கேட்டா விழிப்புணர்வு நெறையவே இருக்கு, பத்து வயசுலயே நாமளே ஊட்டி விட்டது, என்ன, தலைகீழா.

பொம்பள பிள்ளைங்க விஷயத்துல இது இன்னும் சீக்கிரம். டீச்சர், நர்ஸ், கிளார்க், இதுக்குள்ளயே சுத்தி சுத்தி வருவாங்க. ஆம்பள பையன் ஒருத்தன் நர்சிங் போறேன்னு சொன்னா வீட்டுலயே சிரிப்பு. காட்ஃபிரெட்சன் ஒரு வரிசை சொன்னாங்க, ஆசப்பட்டது கிடைக்காதப்ப மனுஷன் முதல்ல தனக்கு புடிச்சத விட்டுக்கொடுப்பான், அப்புறம் கவுரவத்த, கடைசியாதான் ஆம்பள பொம்பள கோட்ட தாண்டுவான்னு. பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க எல்லாமே இந்த வரிசைய ஒத்துக்கல, எங்க லெக்சரரும் அத அப்படியே எடுத்துக்காதீங்கன்னு சொன்னாங்க, ஆனா நம்ம வீடுகள பாத்தா அந்த அம்மா நம்ம தாமான்ல ஒரு வருஷம் குடியிருந்துட்டு எழுதுன மாதிரிதான் எனக்கு தோணுது.

இந்த படிப்பு ஆரம்பிச்ச கதையும் சொல்லணும், ஏன்னா இது ஏதோ பணக்கார பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்சது கிடையாது. ஃபிராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர், 1908ல பாஸ்டன் பட்டணத்துல, கப்பல்ல வந்து இறங்குன குடியேறிங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த பக்கத்துல, வேலை வழிகாட்டற ஆபீஸ் ஒண்ணு தொறந்தாரு. அந்த வருஷமே இறந்தும் போயிட்டாரு, அவரு எழுதுனது அடுத்த வருஷம்தான் அச்சுல வந்துச்சு. உன்ன நீ தெரிஞ்சுக்கோ, வேலை ஒலகத்த தெரிஞ்சுக்கோ, ரெண்டையும் பொருத்திப் பாரு, இந்த மூணுதான் அவரு சொன்னது. தோட்டத்துலேருந்து பட்டணத்துக்கு வந்து ஃபிளாட்டுல ஏறுன நம்ம குடும்பங்களுக்கும் இதேதான் வேணும். அதுல அந்த நடு விஷயம், வேலை ஒலகத்த தெரிஞ்சுக்கறது, அதத்தான் நாம அப்படியே விட்டுட்டோம்.

ஸ்கூல்ல மினாட் டெஸ்ட், அதாவது விருப்பம் பாக்கற டெஸ்ட் எடுப்பாங்க தெரியுமில்ல, கேள்வி கேள்வியா வந்து புடிக்கும் புடிக்காதுன்னு குறி போட சொல்றது. அதுக்கு பின்னாடி ஜான் ஹாலண்ட்ங்கற உளவியலாளர் மனுஷங்கள பிரிச்ச ஆறு வகை இருக்கு. கை வேலைக்காரன், ஆராய்ச்சி பண்றவன், கலைக்காரன், மனுஷங்களோட பழகறவன், யாவாரம் பண்றவன், கணக்கு வழக்க ஒழுங்கா வச்சிக்கறவன், ஒருத்தருக்கு இதுல மூணு எழுத்து சேந்து ஒரு கோட் வரும். நல்ல கருவிதான், நானும் எடுத்து பாத்தேன், மனுஷங்களோட பழகற எழுத்துதான் முதல்ல வந்துச்சு, வாய் ஜாஸ்தின்னு எங்கம்மா இத டெஸ்ட் இல்லாமலே சொல்லியிருப்பாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, லேப்ல சோதனை செய்ய புடிக்குமான்னு கேட்டா லேப்ப சரியா பாக்காத பிள்ள என்ன குறி போடும்? மெஷின பிரிச்சு மாட்ட புடிக்குமான்னு ஸ்க்ரூடிரைவர கையில தொட்டே பாக்காத பொண்ணுகிட்ட கேட்டா? புடிக்காதுன்னுதான் போடும். அது அவளோட விருப்பம் கிடையாது, அவ பாக்காததோட கணக்கு. பெரிய ஹால்ல எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு பீரியட்ல முடிச்சு ஃபைல்ல போட்டுட்டா கோட் வந்துடும், அப்புறம் அந்த கோட்ட வச்சு பிள்ளையோட உக்காந்து பேசறதுதான் உண்மையான வேலை, அதுக்குத்தான் நேரம் இருக்காது.

பாக்காததுன்னு சொன்னேன்ல, அதுல பினாங்கு காரங்க நாம தனி ரகம். பாயான் லெப்பாஸ்ல ஃப்ரீ ட்ரேட் சோன் 1972ல வந்துச்சு, இன்டெல் அதே வருஷம் இங்க ஃபேக்டரி போட்டான், அமெரிக்காவுக்கு வெளிய அவனோட முதல் அசெம்பிளி ஃபேக்டரி. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் காலையில அஞ்சரை ஆறு மணிக்கு ரோட்டுல நின்னா ஃபேக்டரி பஸ்ஸுதான், அதுல நம்ம அம்மாங்களும் அக்காங்களும் ஏறி போறாங்க. உள்ள என்ன செய்யறாங்கன்னு வீட்டுல இருக்கற பிள்ளைக்கு தெரியாது. "அம்மா ஃபேக்டரி", அவ்ளோதான். கரியர் ஜெனோகிராம்னு எங்களுக்கு ஒரு அசைன்மெண்ட் உண்டு, மூணு தலைமுறைக்கு குடும்ப மரம் வரைஞ்சு யாரு என்ன வேலை, ஏன் அத செஞ்சாங்க, என்ன செய்ய ஆசப்பட்டாங்கன்னு எழுதணும். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டுனவங்க, அது ஒரு வரியில முடிஞ்சிருச்சு. அம்மாகிட்ட வந்தப்ப கேட்டேன், நீங்க இவ்ளோ வருஷம் உள்ள என்னதான் செஞ்சீங்கன்னு. மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சு, தலைமுடிய விட மெல்லிசான தங்கக்கம்பிய சிப்புலேருந்து அதோட உலோகக் காலுக்கு ஒட்ற வேலையாம், ஒரு கம்பி விலகுனா மொத்தமும் ரிஜெக்ட்டாம், புதுசா மெஷின் வந்தப்ப அத செட் பண்ண வந்த ஆளு பக்கத்துல நின்னு பாத்து கத்துக்கிட்டு அப்புறம் மத்தவங்களுக்கு இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்களாம். இத எங்க வீட்டுல அதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. அந்த மெஷின செட் பண்றவன் யாரு, டெக்னீஷியன், அவனுக்கு மேல பிராசஸ் இஞ்சினியர், டெஸ்ட் இஞ்சினியர், குவாலிட்டி, இப்படி அந்த ஒரே கட்டடத்துக்குள்ள எத்தனையோ வேலை அடுக்கடுக்கா இருக்கு, அம்மா தினமும் அதுங்களுக்கு நடுவுலதான் எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தா பன்னெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாங்க. நான் சின்னதுல டீச்சர் ஆவேன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், ஏன்னா எனக்கு தெரிஞ்சது டீச்சர மட்டும்தான்.

சரி, அப்ப என்ன பண்றதுன்னு கேட்டா நம்ம சமூகத்துல எல்லாரும் கையில எடுக்கறது மோட்டிவேஷன் கேம்ப். இத சொன்னா சில பேருக்கு கோவம் வரும், பரவால்ல. விளக்க அணைச்சிட்டு, சோகப்பாட்டு போட்டு, அம்மா அப்பா பட்ட கஷ்டத்த சொல்லி பிள்ளைங்கள ஓன்னு அழவச்சு, "நான் சாதிப்பேன்"னு கத்த வச்சு பஸ் ஏத்தி அனுப்பறோம். பிள்ள ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும். ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியலாளர் 1977ல சொன்னாரு, என்னால இது முடியும்ங்கற நம்பிக்கை நாலு வழியில வருதுன்னு. தானே செஞ்சு பாத்து ஜெயிச்சது, தன்ன மாதிரி ஒருத்தர் செஞ்சத பாத்தது, அடுத்தவங்க உன்னால முடியும்னு சொன்னது, அந்த நேரத்துல ஒடம்பும் மனசும் எப்படி இருக்குங்கறது. இதுல ரொம்ப பலமானது முதல் வழி, தானே செஞ்சு பாக்கறது. சும்மா வாயால சொல்றதுக்கு அந்த அளவு பலம் கிடையாது. லெண்ட், பிரவுன், ஹேக்கெட்னு மூணு பேரு 1994ல இத வேலை தேர்வுக்கு கொண்டுவந்து, நம்பிக்கை இல்லாத இடத்துல விருப்பமும் முளைக்காதுன்னு காட்டுனாங்க. நாம காசு செலவு பண்றதெல்லாம் அந்த வாயால சொல்ற வழிக்குத்தான். அதே காசுல ஒரு அஞ்சாம் ஆண்டு வகுப்புக்கு ஆளுக்கு ஒரு சின்ன சர்க்யூட், பேட்டரி, பல்பு வாங்கி கொடுத்து ஒரு டெக்னீஷியன் அண்ணன கூட உக்கார வச்சா, பல்பு எரிஞ்சதும் அந்த பொண்ணு மூஞ்சிய பாருங்க, அங்க மேல் கோடு கொஞ்சம் நகரும். அந்த அண்ணன் தமிழ்ப்பள்ளியில படிச்சவரா, ரிமூவ் கிளாஸ்ல உக்காந்தவரா இருந்தா இன்னும் நல்லது, ரெண்டாவது வழியும் சேந்துக்கும்.

ஏன் இப்ப இது அவசரம்னா, ஆறாம் ஆண்டு பரிட்சை யுபிஎஸ்ஆர் 2021ல நின்னுச்சு, ஃபார்ம் த்ரீ பரிட்சை பிடி3 2022ல நின்னுச்சு. பரிட்சை நின்னதுக்கு நான் அழல, ஆனா அது ரெண்டும் பெத்தவங்களுக்கு ஒரு மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு, பிள்ள எங்க நிக்குதுன்னு அப்பவாச்சும் உக்காந்து பேசுவாங்க. அது இல்லாம போனதுல எல்லார் கண்ணும் எஸ்பிஎம் மேலயே போயிடுச்சு. ஆனா முடிவு எடுக்க வேண்டிய இடம் அதுக்கு முன்னாடியே வந்துடுது, ஃபார்ம் த்ரீ முடியறப்பவே ஃபார்ம் ஃபோருக்கு என்ன பாடப் பாக்கேஜ்னு முடிவு பண்ணணும், வொகேஷனல் காலேஜ் போறதுன்னாலும் அப்பவே. 15 வயசு. அந்த ஃபாரத்த எத்தன வீட்டுல அப்பா அம்மா படிச்சு பாத்து கையெழுத்து போடறாங்க? சிக்கு, அதான் டீச்சர், கொடுத்தாரு, போட்டுட்டேன், அவ்ளோதான்.

பெத்தவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு, அத மறைக்க கூடாது. குறைஞ்சபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலேருந்து 1,700 வெள்ளி, மோட்டார எடுத்துக்கிட்டு சாப்பாடு டெலிவரிக்கு போனா இன்னைக்கே கையில காசு, பையன் ஏன் மூணு வருஷம் காத்திருக்கணும்னு வீட்டுல வாடகை கட்டறவங்க கேக்கறாங்க. இன்னொரு பக்கம், கைத்தொழில் படிச்சா அதோட கதை முடிஞ்சிடும்னு நெனைக்கறாங்க. முடியாது. எஸ்கேஎம்ங்கற திறன் சான்றிதழ் மூணு லெவல், நாலாவது டிப்ளோமா, அஞ்சாவது மேல்நிலை டிப்ளோமா, அதுக்கு மேல டெக்னிக்கல் யூனிவர்சிட்டி வரைக்கும் போக வழி இருக்கு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரிங்களும் மாநில அரசும் சேந்து ஆரம்பிச்ச திறன் மேம்பாட்டு மையம் 1989லேருந்து இருக்கு. இத ரிசல்ட் வந்த வாரத்துல ஒரு பூத்துல பத்து நிமிஷம் சொன்னா யாரு தலையில ஏறும்.

எங்க பாடத்துல எனக்கு ஒத்து வராத இடமும் உண்டு. எல்லா தியரியும் பிள்ள தனியா உக்காந்து தன் வாழ்க்கைய தானே முடிவு பண்ற மாதிரியே எழுதியிருக்கு. டொனால்ட் சூப்பர்ங்கற ஆய்வாளர் மட்டும் கொஞ்சம் பரவால்ல, ஒரு ஆளு ஒரே நேரத்துல பிள்ளையா, மாணவனா, தொழிலாளியா, குடும்பத்த பாத்துக்கறவனா பல வேஷம் போடறான்னு வானவில் மாதிரி ஒரு படம் போட்டு காட்டுனாரு. நம்ம வீட்டுல முடிவு எடுக்கறது அப்பா, அம்மா, பெரிய மாமா, வாட்சாப் குரூப்புல ஒரு சித்தப்பா, சில நேரம் ஜோசியக்காரரும். இது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அப்ப அவங்களையும் ரூமுக்குள்ள கூப்புட்டு உக்கார வச்சு பேசணும், பிள்ளைய மட்டும் பிடிச்சு வச்சு நீ என்ன நெனைக்கறன்னு கேட்டு பிரயோஜனம் கிடையாது, வீட்டுக்கு போனா எல்லாம் மாறிடும். ஆனா பிள்ளையே சொல்லாம எதையும் பெத்தவங்ககிட்ட போய் ஒப்பிக்கவும் மாட்டோம், அது கவுன்சலரோட கட்டுப்பாடு, 1998லேருந்து கவுன்சலர்களுக்குன்னு தனி சட்டமே இருக்கு, பதிவு பண்ணாம யாரும் அந்த பேர போட்டுக்க முடியாது. கவுன்சலிங் ரூம்னாலே ஏதோ தப்பு பண்ணவன் போற எடம்னு நெனைக்கறத மட்டும் தயவு செஞ்சு விடுங்க, பிராக்டிகம்னு நாங்க பயிற்சிக்கு போற எடத்துல பிள்ளைங்க கதவுகிட்ட நின்னு யாராவது பாக்கறாங்களான்னு சுத்திமுத்தி பாத்துட்டுத்தான் உள்ள வர்றாங்க.

பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு. நெறைய சின்ன பள்ளிகள்ல முழுநேர கவுன்சலர் கிடையாது, வகுப்பு டீச்சர்தான் எல்லாத்தையும் இழுத்து போட்டு செய்யறாங்க, அவங்க தலையில இன்னொரு வேலைய கட்ட நான் வரல. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நெனச்சா முடியும். வருஷ கூட்டத்துக்கு ஒரு தலைவர கூப்புட்டு மாலை போட்டு ஒரு மணி நேரம் பேச விடறோமே, அதுக்கு பதிலா அதே பள்ளியில பிள்ளைய படிக்க வைக்கற ஒரு அப்பாவ, கிரேன் ஓட்டுறவரோ லேப்ல வேலை பாக்கறவரோ, போர்ட்ல கன்டெய்னர் கணக்கு பாக்கற அம்மாவோ, யூனிஃபார்மோடவே வர சொல்லி நாலாம் ஆண்டு பிள்ளைங்க முன்னாடி அரை மணி நேரம் பேச சொல்லுங்க. பேச தெரியாதும்பாங்க. பேச வேணாம், காலையில போனதும் முதல்ல எத தொடுவீங்க, எது தப்பா போனா பயம், யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு பிள்ளைங்கள கேக்க விட்டா போதும், மீதிய அதுங்களே பாத்துக்கும்.

ஆசிரியர்கிட்டயும் ஒரு வேண்டுகோள். உங்க மாணவர் பக்கத்துல வாரத்துக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்க. டாக்டரும் வக்கீலும் ஏற்கனவே நெறைய வந்தாச்சு. வாசகர்ல ஒருத்தர், என்ன வேலைன்னாலும் சரி, ஒரு நாள் வேலைய பிள்ளைக்கு புரியற தமிழ்ல எழுதட்டும், எழுத வராதவங்க சொல்ல சொல்ல நான் எழுதி தர்றேன், காசெல்லாம் வேணாம். கையில இருக்கற கருவியோட ஒரு படம், எத்தன வருஷத்துல இந்த எடத்துக்கு வந்தாரு, எந்த சர்டிபிகேட் வேணும், ஆரம்ப சம்பளம் எவ்ளோ இப்ப எவ்ளோன்னு கூச்சப்படாம போடுங்க. முதல் வாரத்துக்கு ஆள் கிடைக்கலன்னா எங்கம்மா ரெடியா இருக்காங்க, அந்த தங்கக்கம்பி கதைய இன்னும் முழுசா சொல்லி முடிக்கலயாம்.

இப்படிக்கு,
பயிற்சி பள்ளி கவுன்சலர்,
பட்டர்வொர்த், பினாங்கு.